வாடகை வீட்டுச் சுவரில் 47 ஓட்டைகள்: காலி செய்வதற்கு முன் நான்கு நாள் வேலை

2025 மே மாதக் கடைசியில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஐந்து வருடம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். கணவர் புது வேலைக்காக முன்னதாகவே சியாட்டில் போய்விட்டார். இங்கே இருந்தது நானும், ஆறு வயது மகளும், காரைக்குடியிலிருந்து வந்திருந்த அப்பாவும். சாமான்களைப் பெட்டியில் கட்டக் கட்டச் சுவர்கள் வெளியே தெரிந்தன. ஒரு படத்தைக் கழற்றினால் ஒரு துளை, காலண்டரை எடுத்தால் இரண்டு. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய் எண்ணினேன். 47.

அதில் 36 சின்ன ஆணித் துளைகள். டிவி மாட்டியிருந்த இடத்தில் பெரிய போல்ட் துளைகள் நான்கு. சாமி அலமாரிக்குப் போட்ட ஆங்கர்கள், அதாவது திருகாணியைச் சுவரில் பிடித்து நிறுத்தும் உறைகள், நான்கு. திரைச்சீலைக் கம்பி பிய்த்துக்கொண்டு வந்த இடம் ஒன்று. ஒட்டுக் கொக்கியை இழுத்தபோது சுவரின் தோல் உரிந்த இடம் ஒன்று. கடைசியாகப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், கதவின் குமிழ் இடித்து இடித்து உண்டான ஓட்டை. அதில் மகளின் கை முழுதாக உள்ளே போகும்.

இதற்கு முன் இருந்த வீட்டில் சுவர் வேலை என்று டெபாசிட்டில் 420 டாலர் பிடித்துக்கொண்டார்கள். அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. பல் தேய்க்கும் பேஸ்ட்டை ஆணித் துளையில் அடைத்து விட்டுப் போயிருந்தோம். யாரோ சொன்ன யோசனை அது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேஸ்ட் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அதன்மேல் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, அடுத்து வருகிறவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் முறையாகப் பட்டி வைக்க முடியும். இந்த முறை எல்லாவற்றையும் நானே ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

வேலைக்கு முன்னால் ஒரு கடிதம். கலிஃபோர்னியாவின் சிவில் சட்டம் 1950.5 பிரிவின்படி, காலி செய்த 21 நாளுக்குள் வீட்டுக்காரர் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். எதையாவது பிடித்தால் அதற்குக் கணக்கு எழுதித் தர வேண்டும். குடியிருந்ததால் இயல்பாக வரும் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. இதெல்லாம் பலருக்கும் தெரியும். பலர் கேட்காமல் விடுவது வேறொன்று: காலி செய்யும் தேதிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் வீட்டை ஒருமுறை முன்கூட்டியே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். எதற்கெல்லாம் பணம் பிடிக்கப்போகிறார்கள் என்று அப்போதே பட்டியல் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து நாமே சரிசெய்துகொள்ள நமக்கு வாய்ப்புண்டு. நான் எழுதிக் கேட்டேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் வந்தார். ஆணித் துளைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த ஓட்டை, தோல் உரிந்த இடம், சாமி அலமாரிக்கு மேலே படிந்த விளக்குக் கரி, இந்த மூன்றையும் எழுதினார். நானே சரிசெய்து பெயிண்டும் அடிக்கலாமா என்று கேட்டு, அந்த அனுமதியை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன். சில ஒப்பந்தங்களில் குடியிருப்பவர் பெயிண்ட் அடிக்கவே கூடாது என்று இருக்கும். வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள்.

அப்பா ஊரில் கட்டட மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். செங்கலும் சாந்துமாகவே வாழ்க்கை போனது. இங்கே வந்த அன்றே சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது என்ன ஆத்தா, பொட்டி மாதிரி சத்தம் கேக்குது?" என்றார். டிரைவால் அப்படித்தான். நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடும் ஜிப்சம் பலகைதான் இங்கே சுவரே. இரண்டு பக்கமும் கெட்டித் தாள், நடுவில் ஜிப்சம். எங்கள் வீட்டில் அரை அங்குல கனம். அதைப் பின்னால் நிற்கும் மரச்சட்டங்களில் திருகாணியால் முடுக்கியிருப்பார்கள். சட்டத்துக்குச் சட்டம் பெரும்பாலும் 16 அங்குலம். நடுவே வெற்றிடம், சில இடத்தில் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடும். இதன் முன்னோடிப் பலகைக்கு அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894-இல் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகளை வேகமாகக் கட்ட வேண்டி வந்தபோது, பட்டை அடித்துச் சாந்து பூசும் பழைய முறையை இது ஓரம் கட்டிவிட்டது. தாளும் சுண்ணப்பொடியும்தானே என்று அப்பா முதலில் மதிக்கவில்லை. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் கட்டுண்ட தண்ணீர், தீப்பிடித்தால் அது ஆவியாகி வெளியேறிய பிறகுதான் சூடு மறுபக்கம் ஏறும் என்று சொன்னதும் மறுபடி ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

வீடு 1980-களில் கட்டியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1978-க்கு முந்தைய வீடுகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 1977-இல் தடை வரும்வரை சுவர்ப் பட்டியில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் சுவரைத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. பரிசோதிக்காமல் கை வைக்காதீர்கள், வீட்டுக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

சின்னத் துளைகள்

முதல் நாள் வியாழன் இரவு, மகள் தூங்கிய பிறகு ஆணித் துளைகளை முடித்தேன். ஆணியைப் பிடுங்கும்போது துளையைச் சுற்றித் தாள் ஒரு சின்ன உதடு போல வெளியே பிதுங்கியிருக்கும். பலரும் அதன்மேலேயே பட்டியைத் தடவி விடுகிறார்கள். காய்ந்த பிறகு அங்கே ஒரு கொப்புளம் நிற்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைத் துளையின்மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் உதடு உள்ளே போய்ச் சின்னக் குழி விழும். அந்தக் குழியைத்தான் நிரப்ப வேண்டும். இதற்கு ஸ்பாக்கிள் என்ற லேசான பட்டி போதும். நான் வாங்கியது ஈரத்தில் இளஞ்சிவப்பாக இருந்து, காய்ந்ததும் வெள்ளையாகும் வகை. 36 துளைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

டிவி போல்ட் துளைகளுக்குப் பின்னால் மரச்சட்டம் இருப்பதால் பயமில்லை, ஆழம் மட்டும் அதிகம். ஒரே தடவையில் அடைத்தால் பட்டி சுருங்கிக் குழி விழும். இரண்டு முறையாக அடைத்தேன்.

ஆங்கரை இழுத்துப் பிடுங்கப் பார்க்காதீர்கள். திருகிப் போடும் வகை என்றால் ஸ்க்ரூடிரைவரால் எதிர்ப்பக்கம் திருப்பினாலே வந்துவிடும். தட்டி ஏற்றும் பிளாஸ்டிக் வகை என்றால், கழுத்தைக் கட்டர் கத்தியால் அறுத்து மீதியைச் சுவருக்குள்ளேயே தள்ளிவிடலாம். அது உள்ளே விழுந்து கிடப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திரைச்சீலைக் கம்பி இருந்த இடம் சாட்சி. கால் அங்குலத் துளை, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய பள்ளமாகிவிட்டது. அதன்மேல் கண்ணாடி இழை வலை டேப்பை ஒட்டிப் பட்டி போட வேண்டியிருந்தது.

உரிந்த தோல்

மேனேஜர் எழுதிய மூன்றில் இதுதான் சுலபம் என்று நினைத்தேன். ஒட்டுக் கொக்கியைச் சுவரோடு சேர்த்துக் கீழ்ப்பக்கமாக நீட்டி இழுக்க வேண்டும். நான் முன்பக்கம் இழுத்துவிட்டேன். பெயிண்டும் மேல் தாளும் சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டன. உள்ளே பழுப்பு நிறத் தாள் தெரிந்தது. ஓட்டை இல்லை, ஆழமும் இல்லை. பட்டியை மெல்லிசாக இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்தேன்.

காலையில் பார்த்தால் அந்த இடம் முழுக்கக் கொப்புளம். விரலால் தொட்டால் அப்பளம் போல உள்ளே அமுங்கியது.

காரணம் இதுதான்: மேல் தோல் போன பிறகு அந்தப் பழுப்புத் தாள் பச்சையாகக் கிடக்கிறது. பட்டியில் உள்ள தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்கிறது. எத்தனை முறை பட்டி போட்டாலும் அதே கதைதான். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன். கிழிந்த ஓரங்களைக் கத்தியால் வட்டமாகக் கீறி, இனி உரியாதபடி வெட்டினேன். பிறகு, கிழிந்த டிரைவால் தாளுக்கென்றே விற்கும் தண்ணீர் போன்ற சீலரை அடித்தேன். அது தாளுக்குள் ஊறி, காய்ந்ததும் கெட்டித்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டால் பழுப்புத் தாள் அட்டை போல விறைப்பாக இருந்தது. அதன்மேல் போட்ட பட்டி அசையாமல் நின்றது. உரிந்த தாள்மேல் பட்டிக்கு முன்னால் சீலர். இந்தப் பதிவிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவுக்குப் பின்னால்

இனி பெரிய ஓட்டை. கடையில் இதற்கென்று வலை ஒட்டிய அலுமினியத் தகடு கிடைக்கும். ஓட்டைமேல் ஒட்டிப் பட்டி பூசிவிடலாம். அதை நான் எடுக்கவில்லை. தகடு சுவரின்மேல் உட்காருவதால் அந்த இடம் மேடாகத்தான் இருக்கும். அதைவிட, கதவுக் குமிழ் மறுபடி இடிக்கப்போகும் இடத்தில் பலகைக்குப் பலகைதான் நிற்கும்.

எங்கள் மாநிலத்தின் பெயரிலேயே ஒரு முறை இருக்கிறது. கலிஃபோர்னியா பேட்ச் என்பார்கள். பின்னால் மரம் கொடுக்காமல், திருகாணி இல்லாமல், டிரைவாலின் சொந்தத் தாளையே டேப்பாகப் பயன்படுத்தும் முறை. ஐந்தாறு அங்குலம் வரைக்கும் நன்றாக நிற்கும். அதைவிடப் பெரிய ஓட்டை என்றால் உள்ளே ஒரு மரத்துண்டைக் குறுக்கே கொடுத்து, அதில் திருகாணி போட்டுப் பலகைத் துண்டை நிறுத்துவதே நல்லது.

இரண்டடிக்கு இரண்டடி துண்டுப் பலகை கடையில் தனியாகவே விற்கிறார்கள், எட்டடிப் பலகை தேவையில்லை. அதிலிருந்து 8 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டினேன். கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத் தாளில் ஓரத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி நான்கு பக்கமும் கோடு போட்டேன். நடுவே 5 அங்குலச் சதுரம். அந்தக் கோட்டின்மேல் கத்தியால் கீற வேண்டும். பின்தாளும் ஜிப்சமும் அறுபட வேண்டும், முன்பக்கத் தாளை மட்டும் தொடக் கூடாது. கீறியதும் ஓரத்தை மேசை விளிம்பில் வைத்து லேசாக மடக்கினால் 'டொக்' என்று ஜிப்சம் உடையும். உடைந்த பட்டையை முன்தாளிலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். பலாச்சுளையைச் சடையிலிருந்து பிரிப்பது போல, அவசரமில்லாமல், ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே போக வேண்டும். முதல் துண்டில் நான் கத்தியை ஆழமாக இறக்கியதால் தாளும் சேர்ந்து அறுந்தது. இரண்டாவது துண்டு சரியாக வந்தது. நடுவில் ஐந்து அங்குல ஜிப்சம் கட்டி, சுற்றிலும் ஒன்றரை அங்குலத் தாள் விளிம்பு.

இங்கே வரிசை முக்கியம். ஓட்டையை முதலில் அறுத்துவிட்டு அதற்குத் துண்டைப் பொருத்தப் பார்த்தால் சேராது. துண்டைத் தயார் செய்து, அந்தக் கட்டியை ஓட்டைமேல் வைத்துச் சுற்றிப் பென்சிலால் வரைந்த பிறகுதான் சுவரை அறுக்க வேண்டும். அறுப்பதற்கு முன் செல்போன் விளக்கை ஓட்டைக்குள் காட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு மஞ்சள் கம்பி, சட்டத்தை ஒட்டி மேலே போனது. ரம்பத்தை ஆழமாக விடாமல் கட்டர் கத்தியாலேயே பல முறை கீறிக் கீறி அறுத்தேன். நேரம் பிடித்தது, ஆனால் கம்பியிலிருந்து எட்டவே இருந்தேன்.

அறுத்தெடுத்த பழைய துண்டை எறியாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பட்டியில் இரண்டு இனம். வாளியில் கலந்தே வருவது தண்ணீர் வற்றிக் காய்கிறது; சுருங்கும், ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு பூச்சுக்கு, ஒரு நாள் கேட்கும். இன்னொன்று பொடி. அது வற்றிக் காய்வதில்லை, தண்ணீரைக் கட்டிக்கொண்டு மறுபடி ஜிப்சமாக இறுகுகிறது. பையில் 20, 45, 90 என்று போட்டிருப்பது அந்த நிமிடக் கணக்கு. வேலைக்காரர்கள் இதை ஹாட் மட் என்பார்கள். இறுகும்போது கிண்ணத்தைத் தொட்டால் கையில் சூடு தெரியும். அப்பா கிண்ணத்தில் விரலை வைத்துப் பார்த்து, "பாரிஸ் சாந்துதான இது?" என்றார். அதேதான். துண்டைப் பொருத்த 45 எடுத்தேன். முதல் தடவை செய்கிறவர்கள் 20-ஐத் தொடாதீர்கள், கலக்கி முடிப்பதற்குள் இறுகிவிடும். தயிர் பதத்துக்குக் கலக்க வேண்டும். கிண்ணத்தில் முந்தைய கலவை ஒட்டியிருந்தால் புதியது இன்னும் சீக்கிரம் இறுகும். ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது. தண்ணீருக்குள்ளும் இது இறுகும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பழைய பெயிண்டின் புடைப்பைப் பட்டி இழுக்கும் தகட்டால் சுரண்டித் தட்டையாக்கினேன். அங்கேயும், வெட்டிய விளிம்புகளிலும் பட்டி தடவித் துண்டை உள்ளே அழுத்தினேன். கட்டி ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது, தாள் விளிம்பு சுவரின்மேல் படிந்தது. ஆறு அங்குலத் தகட்டை நடுவிலிருந்து வெளியே இழுக்க, தாளுக்கு அடியிலிருந்த அதிகப் பட்டி ஓரத்தில் பிதுங்கி வந்தது. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பட்டி முழுக்க வெளியே போகும்படி அழுத்தினால் தாள் பிடிக்காது. போதாமல் அழுத்தினால் தாள் மேடாக நிற்கும். கைக்கு அது புரிய இரண்டு மூன்று இழுப்பு ஆனது.

ஓட்டை அடைபட்டுவிட்டது. அரை மணி நேரம்தான். ஆனால் அடைத்தது கண்ணுக்குத் தெரியாமல் செய்ய அதற்கு மேல் மூன்று நாள் ஆனது. சுவரில் தப்பாகத் தெரிவது ஓட்டை இருந்த இடம் அல்ல, அதைச் சுற்றிப் பட்டி முடிகிற வரம்பு. அந்த வரம்பைச் சுவரோடு கரைத்துவிடுவதுதான் வேலையே.

அதற்கு ஒரே வழி அகலம். இரண்டாவது கோட்டை வாளிப் பட்டியால், பத்து அங்குலத் தகட்டை வைத்து, துண்டுக்கு வெளியே ஐந்தாறு அங்குலம் தள்ளி இழுத்தேன். மறுநாள் மூன்றாவது கோட், அதற்கும் வெளியே. கடைசியில் எட்டு அங்குலத் துண்டுக்கு இரண்டடி அகலத்துக்குப் பட்டி போயிருந்தது. ஒவ்வொரு கோட்டும் தாள் கனம்தான். கனமாக ஒரே கோட் போட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற ஆசை வரும். தேய்த்தால் கை வலியும் வீடு நிறையத் தூசியும்தான் மிச்சம்.

அப்பா சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தார். நான் நேராக நின்று பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அறை விளக்கை அணைத்தார். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். "இப்பப் பாரு ஆத்தா." மேடு பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நின்றன. இடது ஓரத்தில் தகட்டின் முனை போட்ட கோடு ஒன்று, மேல் மூலையில் ஒரு பள்ளம். காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளில் சுண்ணாம்பை அரைத்து, கண்ணாடி மாதிரி மின்னப் பூசும் கொத்தனார்களோடு பழகியவர் அவர். விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஒளியில் சுவர் படிப்பது அங்கே கற்றதாம். "மட்டப்பலகை ஒரு கண்ணு, வெளக்கு ஒரு கண்ணு" என்றார். மட்டப்பலகைக்கு எங்கள் வீட்டு நீள ஸ்கேலைக் கொடுத்தேன். அதைச் சுவரில் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசியும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். அந்த வட்டங்களுக்கு மட்டும் இன்னொரு மெல்லிய கோட்.

தேய்ப்பதற்கு 150 எண் உப்புத்தாள் ஸ்பாஞ்சை எடுத்தேன். காய்ந்த பட்டியைத் தேய்த்தால் கிளம்பும் தூசி மாவை விட மெல்லிது, மூச்சுக்கு ஆகாது. என்95 முகக்கவசம் போட்டு, மகளை அப்பாவோடு பூங்காவுக்கு அனுப்பிவிட்டுத்தான் தொட்டேன். ஓரங்களை ஈர ஸ்பாஞ்சால் வட்டம் வட்டமாகத் துடைத்தேன், அதில் தூசியே இல்லை. வாளிப் பட்டி ஈரத்தில் இளகும் என்பதால் இது முடிகிறது, இறுகிய பொடிப் பட்டியில் நடக்காது. அதனால்தான் மேல் கோட்டுகளுக்கு வாளிப் பட்டி.

புடைப்பும் நிறமும்

கலிஃபோர்னிய வாடகை வீடுகளில் சுவர் வழவழப்பாக இருப்பது அபூர்வம். ஆரஞ்சுப் பழத்தோல் போலப் பொடிப் பொடியாகப் புடைப்பு அடித்திருப்பார்கள். பெயரும் ஆரஞ்சு பீல்தான். சுவரை எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும், நடுவே இரண்டடிக்கு அந்தப் புடைப்பு இல்லையென்றால் வழுக்கை மாதிரித் தெரியும்.

புடைப்புக்கு ஸ்ப்ரே டப்பா வாங்கினேன். மூக்கைத் திருப்பித் துளியின் அளவை மாற்றலாம். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, நன்றாகக் குலுக்கி, முதலில் அட்டைப்பெட்டியில் அடித்துப் பழக வேண்டும். வீடு மாறும்போது அட்டைக்கா பஞ்சம். அட்டையில் சரியாக வந்தது சுவரில் பெரிய பெரிய துளியாக விழுந்தது, மிகவும் பக்கத்தில் நின்றுவிட்டேன். நல்லவேளை, தண்ணீரில் கரையும் வகையை வாங்கியிருந்தேன். காய்வதற்குள் ஈரத்துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் வீசி அடித்தேன். இந்த முறை பழைய சுவரோடு சேர்ந்தது. எண்ணெய் கலந்த வகையில் இப்படித் துடைக்க முடியாது.

பிறகு பிரைமர். இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். பட்டி பெயிண்டை உறிஞ்சிவிடும், பழைய பெயிண்ட் உறிஞ்சாது. அதனால் ஒரே டப்பாப் பெயிண்ட் என்றாலும் பட்டி போட்ட இடம் மங்கலான திட்டாகத் தெரியும், சாயங்கால வெயில் சாய்வாக விழுகையில் ஒவ்வொரு திட்டையும் எண்ணலாம். 47 இடத்திலும் சின்ன பிரஷால் பிரைமர் வைத்தேன்.

நிறத்துக்கு, அந்தப் பழைய துண்டு. மேனேஜர் பெயிண்டின் பெயரையும் மினுமினுப்பு வகையையும் சொல்லியிருந்தார், எக்ஷெல் என்று. ஆனால் ஐந்து வருட வெயிலும் சமையல் ஆவியும் பட்ட சுவர், டப்பாவில் உள்ள நிறத்தில் இருக்காது. கதவுக்குப் பின்னால் அறுத்தெடுத்த துண்டைத் துடைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே கருவியில் வைத்துப் படித்து, இன்றைய நிறத்துக்கே கலந்து கொடுத்தார்கள். ஓட்டை இல்லாதவர்கள், அலமாரிக்கு உள்ளே கண்ணில் படாத இடத்தில் ஒரு நாணய அளவுக்குத் தோலை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

ஆணித் துளைகளுக்கு அந்தப் பெயிண்டைக் குட்டி ரோலரால் ஒற்றி எடுத்தேன். பிரஷால் தடவினால் பிரஷின் கோடு தனியாகத் தெரியும். சுவர் ரோலரால் அடித்தது, ரோலருக்கு ரோலர்தான் ஒத்துப்போகும். கதவுச் சுவரையும் சாமி அலமாரிச் சுவரையும் மட்டும் மூலையிலிருந்து மூலைவரை முழுதாக அடித்தேன். நடுவில் நிறுத்தினால் நிற வித்தியாசம் கண்ணில் படும். மூலையில் இரண்டு சுவரிலும் வெளிச்சம் வேறு வேறாக விழுவதால் வித்தியாசம் தெரியாது.

கதவுச் சுவரில் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம், இரண்டு வயதிலிருந்து. பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஒரு நீளக் காகிதத்தைத் தரையிலிருந்து நிறுத்தி, எல்லாக் கோடுகளையும் தேதியோடு அதில் எடுத்துக்கொண்டோம். அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாமி அலமாரிச் சுவர்

ஐந்து வருடம் தினமும் இரண்டு வேளை ஏற்றிய விளக்கு. அலமாரிக்கு மேலே ஒரு முழம் உயரத்துக்குக் கரி, ஓரத்தில் மஞ்சள். நேராகப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று நினைத்தேன். அப்பா தடுத்துவிட்டார். "பொக ஏறுன சுவத்துல எத்தன தடவ வெள்ளை அடிச்சாலும் மஞ்சளா ஊறி வரும். நம்ம அடுப்படி ஞாபகம் இல்லையா?" ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்து, மாசி வருவதற்குள் பழையபடி மஞ்சளாகும் சுவர் அது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். கீழிருந்து மேலாகத் துடைத்தேன், மேலிருந்து ஆரம்பித்தால் ஒழுகல் கோடு விழும். நன்றாகக் காய்ந்த பிறகு கறையை அடக்கும் ஷெல்லாக் பிரைமர் ஒரு கோட். இதன் வாடை கடுமையானது. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்பில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொண்டு அடித்தேன். அதன்மேல் இரண்டு கோட் பெயிண்ட். மஞ்சள் ஊறி வரவில்லை. ஷெல்லாக் என்பது நம் ஊர் அரக்குதான் என்றதும் அப்பாவுக்கு அந்த டப்பாமேல் ஒரு மரியாதை வந்தது.

மொத்தச் செலவு 118 டாலர். அதில் பாதிக்கு மேல் பெயிண்டும் ஷெல்லாக் பிரைமரும். வியாழன் இரவிலிருந்து ஞாயிறு இரவுவரை நான்கு நாள். ஆனால் கை வைத்து வேலை செய்தது பதினான்கு மணி நேரம்தான், மீதியெல்லாம் காய்வதற்குக் காத்திருந்தது. அதனால் சாவியைக் கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் ஆரம்பிக்காதீர்கள். பட்டியைக் காயவிடாமல் பெயிண்ட் அடித்தால் அது உள்ளே சுருங்கி, நீங்கள் போன பிறகு குழி விழும்.

சாவியைக் கொடுக்கும் முன் எல்லாச் சுவர்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தேன். ஏப்ரல் 1, 2025 முதல், காலி செய்த வீட்டை வீட்டுக்காரரும் படம் எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. இருந்தாலும் நம்மிடமும் ஒன்று இருக்கட்டும்.

பதினெட்டாவது நாள் சியாட்டில் முகவரிக்குக் காசோலை வந்தது. அடுப்புக்கு மேலுள்ள புகைவடிகட்டியைச் சுத்தம் செய்ய 35 டாலர் பிடித்திருந்தார்கள். சுவர் என்ற தலைப்பில் ஒன்றுமில்லை. அப்பா அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார். போன் செய்து சொன்னேன். முதல் கேள்வியே, "அந்த மேல் மூலைப் பள்ளம், அதச் சொன்னாங்களா?" என்பதுதான்.

"இல்லப்பா. அங்க இன்னொரு கோட் போட்டோமே."

"ம். சாமி அலமாரிய அங்க மாட்டிட்டியா?"

இந்த முறை சுவரில் மாட்டவில்லை, தரையில் நிற்கும் மர அலமாரி வாங்கியிருக்கிறோம், அறைக் கதவுகளுக்குப் பின்னால் தடுப்பும் வைத்தாயிற்று என்றேன்.